பிரிக்பீல்ட்ஸ் பனிமலை யாத்திரைச் சங்கம்

1

நேற்றுச் சாயங்காலம் எங்கள் சங்கத் தலைவர் ராமலிங்கம் குடையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு நிறைவுத் தேநீர் விருந்தாம். அதில் ‘பனிமலையில் நம் அனுபவம்’ என்று நான் பேச வேண்டுமாம்.

“எந்த மலையில அண்ணே?” என்றேன்.

“என்னய்யா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற? பத்ரி மலைதான்.”

“நாமதான் போகவே இல்லையே.”

“போகலைன்னா அனுபவம் இல்லாம போயிருமா லா? எவ்வளவு பாடுபட்டோம்! அதைப் பேசு. அந்தக் கோட்டை மறக்காம போட்டுக்கிட்டு வா. புதுசா சேர்ந்தவங்க பாக்கணும்னு ஆசைப்படுறாங்க.”

காப்பியைக் குடித்துவிட்டு, நான் ஒப்புக்கொண்டதாகத் தாமே முடிவு செய்துகொண்டு, குடையை விரித்துப் போய்விட்டார்.

ஊரில் இருக்கும் நண்பர்களே, மலாய் நாட்டில் தமிழர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். சங்கம் வைத்து வாழ்கிறோம். இங்கே ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால்கூடத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மருந்துக்கு ஆள் அனுப்புவோம். இமயமலையில் ஓரடிகூட எடுத்து வைக்காமல், வருடா வருடம் அதன் நினைவாக மசால்வடை தின்னும் சங்கம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் அடியேன். ஏன் ஆரம்பித்தேன் என்பதை விருந்தில் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

2

கோலாலம்பூர் ரயில்வே சரக்கு ஆபீசில் நான் கிராணி. குமாஸ்தாவுக்கு இங்கே அதுதான் பெயர். எங்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை நீண்ட லீவு உண்டு, கப்பல் சீட்டும் உண்டு. அந்த லீவில் என்ன செய்வது என்பதை லீவு எடுப்பவனைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிப்பார்கள்.

என் லீவைத் தீர்மானித்தவர் மாயவரத்தில் இருக்கும் என் மைத்துனர் வைத்திலிங்கம். என் மனைவி தங்கத்தின் அண்ணன். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிய காலம் ஒருவழியாக ஓய்ந்திருந்தது. ‘வேலை தப்பியது பகவான் கிருபை. மாப்பிள்ளை மார்கழி பிறந்ததும் கப்பலேறவும். தையில் ராஜிக்கும் நம் சுந்தரத்துக்கும் முகூர்த்தம்’ என்று எழுதிவிட்டார். யோசனை கேட்டு எழுதவில்லை, அறிவிப்பு எழுதினார்.

சுந்தரம் கெட்ட பையன் அல்ல. கெட்டுப்போவதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே. சாப்பிடுவான், தூங்குவான், நடுவில் சீட்டு விளையாடுவான். அவன் அப்பா அதற்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

ராஜி என் ஒரே மகள். பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அவள் தமிழ் எங்கள் தமிழ் அல்ல, பேச்சின் வாலில் இந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொள்ளும். ‘மாமா, நான் இங்கே சுகமாக இருக்கிறேன் லா’ என்று ஒருமுறை கடிதத்தில் எழுதிவிட்டாள். மைத்துனர் அதைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, அந்த ‘லா’ யாருடைய பெயர் என்று கேட்டு எழுதினார். ஆனால் படிப்பில் கெட்டிக்காரி. அந்த வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பெரிய பரீட்சை. தாள் எல்லாம் சீமைக்குக் கப்பலில் போய்த் திருத்தப்பட்டுத் திரும்பும். தேறினால் ஆசிரியைப் பயிற்சியில் இடம் தருவதாகத் தலைமை அம்மாள் சொல்லியிருந்தாள்.

கடிதம் வந்த மறுநாள், நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ராஜி குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்பா.”

“ஏன்மா? சுந்தரம் ஏதாவது எழுதினானா?”

“அவரு எழுதுறதாவது! நான் டீச்சராகணும்பா. ஊருக்குப் போனா முடிஞ்சுது. அந்த வீட்டுல சமைச்சுக்கிட்டு, அவரு எப்ப எழுந்திருப்பாருன்னு பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியாதுப்பா.” குடம் நிரம்பி வழிந்தது, அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மாமா அம்மாவோட அண்ணன். அம்மா மனசு உடைஞ்சிரும்.”

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போய்விட்டாள்.  சொல்வதற்கு என்ன, என் பெண் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கொடுக்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது என்பீர்கள். எழுதினால் தங்கத்துக்குப் பிறந்த வீடு அன்றோடு அடைந்துபோகும். ஊரில் நாலு தெரு தள்ளி இருப்பவர்கள் சண்டை போட்டால் ஒரு சாவிலோ பொங்கலிலோ பேசிவிடலாம். கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் போட்ட சண்டை போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆகவே மைத்துனர் மனமும் கோணக்கூடாது, தங்கமும் அழக்கூடாது, கல்யாணமும் நடக்கக்கூடாது. இதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

3

உறவுக்காரனை எதிர்த்து நிற்க நம்மால் ஆகாது. தெய்வத்தை முன்னால் நிறுத்திவிட்டால் உறவுக்காரனே ஒதுங்கி வழி விடுவான். ராஜிக்குக் குழந்தையில் அம்மை போட்டபோது, இவள் கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய கோவிலுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். நிஜத்தில் நான் வேண்டிக்கொண்டது பத்துமலை முருகனுக்கு ஒரு தேங்காய். அதையும் அப்போதே உடைத்தாயிற்று.

எந்தக் கோவில்? பழனி என்றால் மைத்துனர் என்னை ரயிலேற்றிக் கூட்டிப்போய்விட்டு மறுநாளே பந்தக்கால் நட்டுவிடுவார். காசிக்கும் ரயில் வாசல் வரை போகிறது. கைலாசம் சரியாக இருக்கும். ஆனால் அங்கே போனவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லை, எனக்கோ லீவு முடிந்து ஆபீசில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பத்ரிதான் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ரயில் விடுகிற இடத்திலிருந்து மலைமேல் மலையாக நடக்க வேண்டும். லீவு முழுவதையும் தின்றுவிடும். தை போய்விடும். லீவு முடிந்தால் நான் இங்கே வந்துவிடுவேன். அப்புறம் அடுத்த லீவுக்குள் ராஜி டீச்சர்.

தங்கம் அரிவாள்மணையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது விஷயத்தைப் போட்டேன். ஒரு பாட்டம் அழுகை வரும் என்று காத்திருந்தேன். அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“எந்த மாசம் போறீங்க?”

“லீவு மார்கழியிலேருந்து மாசி வரைதானே.”

“மார்கழியா?” என்றாள். விரல்விட்டு ஏதோ எண்ணினாள். “நல்ல மாசங்க. கல்யாணம் காட்சி இல்லாம சாமிக்குன்னே விட்ட மாசம். மார்கழியிலேயே போங்க. யார் சொன்னாலும் மாத்திடாதீங்க.”

மறுபடி பயற்றங்காயை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் பெயரைக்கூட எடுக்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே, பாவம், என்று எனக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது.

குளிர்காலத்தில் இமயமலையா, உனக்கு மூளை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். ஐயா, இந்த நாட்டில் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதம். வெயில் அடிக்கும், மூன்று மணிக்கு மழை கொட்டும், மறுபடி வெயில் அடிக்கும். பஞ்சாங்கத்தைப் பார்க்காவிட்டால் தையா ஆடியா தெரியாது. மேலும் பனிமலை என்றால் எப்போதும் பனிதானே, அதற்கு எதற்குத் தனியாகக் குளிர்காலம் என்பது எங்கள் நியாயம். நம் பக்கத்தில் மார்கழி பிறந்தால் விடியுமுன்பே கோவிலைத் திறந்து மணியடித்து ஊரை எழுப்பிவிடுவார்கள். ஆகையால் பத்ரிக்கும் மார்கழிதான் விசேஷம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

4

தங்கம் குழாயடிக்குப் போய் வந்த நேரத்தில் செய்தி குவார்ட்டர்ஸ் முழுவதும் பரவிவிட்டது. சாயங்காலமே ராமலிங்கம் வந்தார். எங்கள் ஆபீசில் பெரிய கிராணி அவர். பகாங் பக்கம் ரயில் பாதை அளந்த காலத்தில் காட்டுக்குள் போய் வந்தவர். அதனால் உலகத்திலுள்ள மலைகள் எல்லாவற்றுக்கும் தாம் பொறுப்பு என்று நினைப்பவர்.

“நீ மட்டும் தனியா புண்ணியம் கட்டிக்கிறதா? நாங்க என்ன பாவம் பண்ணோம்? சங்கம் வெச்சே போவோம்!”

பெயர் வைப்பதில் கொஞ்சம் அடிதடி ஆயிற்று. ‘இமயமலை’ என்று தொடங்க வேண்டும் என்று ஒரு கட்சி, ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்று தொடங்க வேண்டும் என்று ஒரு கட்சி. இமயமலை எங்கும் ஓடிப்போகாது, கமிட்டிதான் ஓடிப்போகும் என்று சொல்லி ராமலிங்கம் பிரிக்பீல்ட்ஸை முன்னால் போட்டார். ஆரோக்கிய ஆலோசகராக யாழ்ப்பாணத்து சபாரத்தினம் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் உத்தியோகம். எல்லாவற்றிலும் ஓர் ஆபத்தைக் கண்டுபிடிப்பவர்.

முதல் கூட்டத்தில் முதல் விஷயமே அட்டைப்பூச்சி.

“அட்டைக்கு என்ன ஏற்பாடு?” என்றார் தலைவர்.

“பனிக்குள்ளை அட்டை எங்கை இருக்கும்? என்ன கதைக்கிறியள்?” என்றார் சபாரத்தினம்.

“டிரெஸர், நீங்க ஆஸ்பத்திரியில இருந்தவரு, நான் காட்டுல இருந்தவன். மலைன்னா அட்டை. பனி மலைன்னா பனி அட்டை. அது வெள்ளையா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் இன்னும் ஆபத்து லா.”

 எல்லோரும் கம்பளிக் காலுறையைப் புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கிய காலுறையின் நாற்றத்தில் பக்கத்து வீட்டுப் பூனை அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டது.

அடுத்தது கோட்டு. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போகிறார், சாமான்கள் ஏலம் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனோம். துரை வாலிபத்தில் கொண்டு வந்து இந்த நாட்டு உஷ்ணத்தில் ஒருநாளும் போடாமல் அந்துருண்டைக்குள் புதைத்து வைத்திருந்த கம்பளிக் கோட்டுகள். எனக்குக் கிடைத்தது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. சரியாக இருக்கிறதா என்று ஸ்டேஷனில் போட்டுப் பார்த்தேன். நடுப்பகல். வேர்வை காதுவழியாக ஊற்றியது. டிக்கெட் வாங்குகிற மலாய்க்காரர் பக்கத்தில் வந்து, “சாக்கிட்கா, பா?” என்று அன்பாகக் கேட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துமலைப் படிகளில் முதுகில் அரிசி மூட்டையோடு ஏறி இறங்கினோம். இது என்ன புது வேண்டுதல், காவடிக்குப் பதில் அரிசியா என்று கேட்டு ஓர் அம்மாள் என் காலில் விழுந்து எழுந்தாள். மேலே மூச்சு முட்டும் என்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார் டிரெஸர். தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்த எங்களைப் பார்த்து, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்து யாரோ முனிசிபாலிட்டிக்குச் சொல்லிவிட்டார்கள்.

குளிருக்குப் பழக வேண்டுமே? ராமலிங்கத்துக்குத் தெரிந்த சீனர் ஒருவர் ஐஸ் கம்பெனியில் இருந்தார். ஐஸுக்கு மலாயில் உள்ள பெயரை வைத்து ‘ஆயர் பத்து’ கம்பெனி என்போம். கோட்டும் காலுறையும் குல்லாயுமாகப் போய் ஐஸ் பாறைகளுக்கு நடுவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். அன்று ராஜியும் கூட வந்தாள், கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு.

அது எனக்கும் அவளுக்கும் இருந்த பழைய தகராறு. மாயவரத்தில் மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்துவிடும், புட்டியை அடுப்போரம் வைத்தால்தான் தலைக்கு வரும் என்று நான் சொன்னால் நம்பமாட்டாள். எண்ணெய் எப்படிப்பா கல்லாகும், சும்மா கதை விடாதீங்க என்பாள். ஊரைப் பற்றி நான் சொன்ன எதையுமே அவள் முழுசாக நம்பியதில்லை. எல்லாவற்றிலும் பாதியைத் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்வாள். அன்று ஐஸ் அறையில் புட்டிக்குள் எண்ணெய் மெல்ல வெளுத்து இறுகியது. விரலை விட்டுத் தோண்டிப் பார்த்தாள்.

“அப்பா! நிஜமாவே கட்டியா போச்சுப்பா!” என்று சிரித்தாள். கல்யாணக் கடிதம் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் கண்டேன்.

ராமலிங்கம் அதற்கு வெகு முன்பே பல் கிட்டித்து, காப்பி ஒரு வாய் குடிக்கிற நேரம்கூடத் தாங்காமல் வெளியே ஓடி வந்து, வெயிலில் நின்றபடி அறிக்கை விட்டார்: “இமயமலையும் இதே மாதிரிதான் லா. கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.”

5

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்போது மைத்துனரின் பதில் வந்தது. ‘வேண்டுதல் விஷயம் அறிந்து மிக்க சந்தோஷம். நானும் வருகிறேன். சுந்தரத்தையும் அழைத்து வருகிறேன். மாமனாரும் மருமகனுமாகப் பத்ரிக்குப் போவது யாருக்குக் கிடைக்கும்? மாப்பிள்ளையின் நடையில் பெரும் நாள் பிடிக்கும் என்பதால் நமக்கு டோலி பேசிவிடுகிறேன். மார்கழியோடு தரிசனத்தை முடித்துக்கொண்டு தையில் முகூர்த்தம்.’

டோலி! மனிதர் தோளில் மலையேறுவது என்று ஒன்று இருப்பதை நான் மறந்தே போனேன்.

ராஜிக்கு முகம் வெளுத்துவிட்டது. “இப்ப என்னப்பா செய்யறது?”

“நான் இருக்கேன்மா, பயப்படாதே,” என்றேன். கைவசம் ஒரு யோசனையும் இல்லை. அப்பா என்கிறவன் இந்த மாதிரி நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

காலை ஒடித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பத்துமலைப் படியில் வேண்டுமென்றே தடுக்கினேன். விழ விட்டால்தானே! முன்னால் போனவர் கையைப் பிடித்தார், பின்னால் வந்தவர் இடுப்பைப் பிடித்தார், டிரெஸர் அரிசி மூட்டையைப் பிடித்தார். “சங்கம்னா இதுக்குத்தான் லா!” என்று தலைவர் கண் கலங்கினார். இன்னொரு தடவை முயன்றேன். அப்போதும் சங்கம் என்னைக் காப்பாற்றிவிட்டது.

லீவாவது கிடைக்காமல் போகட்டும் என்று பார்த்தால், ஆபீஸ் அதிலும் கை கொடுக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் ‘மலை யாத்திரை’ என்று எழுதினேன். அந்த மலையில் தங்கும் விடுதி உண்டா, அவசரமானால் எந்த விலாசத்தில் பிடிக்கலாம் என்று கேட்டுத் திரும்பி வந்தது. ‘பத்ரிநாராயணன், மேற்பார்வை’ என்று எழுதிக் கொடுத்தேன், அது போதும் என்றார்கள். எங்கள் ஆபீஸ் துரை மட்டும் கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்தி, “குளிர்காலத்திலா?” என்று புருவத்தை உயர்த்தினார். வெள்ளைக்காரனுக்கே குளிர் என்றால் பயம்போல என்று நினைத்துக்கொண்டு பெருமையாக, ஆமாம் என்றேன். “கப்பலில் இடம் பதிவாகும் வரை லீவுத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். பதிவான பிறகு மாற்ற நினைத்தால் வரிசையில் எல்லோருக்கும் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்,” என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார்.

கப்பலில் இடமும் பதிவாயிற்று. ராஜியின் பரீட்சையும் நடந்து முடிந்தது. ‘ஒரு குளிர்கால விடியல்’ என்று கட்டுரை கேட்டிருந்தார்களாம். கோலாலம்பூர்ப் பிள்ளைகளிடம்! மற்றப் பெண்கள் பாடப் புத்தகத்தில் படித்த கணப்படுப்பையும் சிட்டுக்குருவியையும் எழுதிவிட்டு வந்தார்கள். ராஜி எண்ணெய்ப் புட்டி உறைந்ததை எழுதினாளாம். சொல்லிவிட்டு, “இதுதான்பா நான் எழுதுற கடைசிப் பரீட்சை,” என்றாள். 

6

வழியனுப்பு விழாவுக்கு யார் தலைமை என்று பேச்சு வந்தபோது தங்கம்தான் யோசனை சொன்னாள். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “சேட்டைக் கூப்பிடுங்களேன். கம்பளிக் காலுறை, குல்லாயெல்லாம் அவரு கடையிலதானே வாங்கினீங்க? வடக்கத்திக்காரரு, மரியாதையா இருக்கும்,” என்றாள்.

துணிக்கடை சேட்டுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. அதனால் கடைவீதி மலாயில்தான் பேச்சு. தங்கமும் சேட்டின் அம்மாவும் அந்த அரைகுறை மலாயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். ரவிக்கைத் துணி வாங்கப் போனால் அவள் வீடு திரும்ப அந்தியாகிவிடும்.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நாங்கள் எல்லோரும் கோட்டும் குல்லாயுமாக மேடையில் வெந்துகொண்டிருந்தோம். சேட் முதல் மாலையை எடுத்துக்கொண்டு தலைவர் முன்னால் வந்தார். வாய் நிறையச் சிரிப்போடு, “பீலா பெர்கி?” என்று கேட்டார். எப்போது புறப்பாடு என்கிறார்.

“இனி புலான்!” என்றார் ராமலிங்கம். இந்த மாதமே!

மாலை பிடித்த கை அப்படியே நின்றது. “இனி புலான் தா போலே. சுடா துத்துப்.”

இந்த மாதம் முடியாது, மூடியாயிற்று.

“என்னது மூடியாச்சு?” என்று ராமலிங்கம் பதற்றத்தில் தமிழிலேயே கேட்டார். சேட்டுக்கு அது புரிந்துவிட்டது. இரண்டு கையையும் கதவு மாதிரிச் சேர்த்துக் காட்டினார். இடுப்புவரை கை வைத்து, பிறகு கழுத்துவரை, பிறகு தலைக்கு மேலே. பனி. குளிர்காலம் வந்தால் கோவிலை மூடிவிடுவார்களாம். உற்சவ மூர்த்தியைக் கீழே இருக்கிற ஊருக்குக் கொண்டு வந்துவிடுவார்களாம். அர்ச்சகர், கடைக்காரர், பிச்சைக்காரர், ஒருவர் மேலே இருக்கமாட்டார். சித்திரை கழிந்துதான் மறுபடி கதவு திறக்கும். “துஹான் துருன் பாவா,” என்று சேட் விரலைக் கீழே காட்டினார். சாமியே இறங்கி வந்துவிட்டார்.

பாரத தேசத்தின் இரண்டு மூலைக்காரர்கள் பத்ரிநாராயணனைப் பற்றி மலாயில் பேசிக்கொண்டார்கள். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. சாமியே குளிர் தாங்காமல் இறங்குகிற நேரத்தில் நாங்கள் புகையிலைத் தண்ணீரோடு ஏறப் புறப்பட்டிருக்கிறோம்!

“கம்பளி விக்கும்போது ஏன்யா சொல்லலை?” என்று ராமலிங்கம் கத்தினார். மாதத்தை நீங்கள் சொல்லவில்லையே, வைகாசியில் போனாலும் அங்கே கம்பளி வேண்டுமே என்றார் சேட். நியாயந்தான். கம்பளி வாங்குகிறவனிடம் மாதம் கேட்கிறவன் வியாபாரம் செய்ய முடியாது.

“அப்ப அங்கை அட்டையும் இல்லை, சாமியும் இல்லை,” என்றார் டிரெஸர் நிம்மதியாக.

நான் மாலையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறான் என்று நினைத்துப் பலர் என்னைத் தேற்றினார்கள். கூட்டத்தில் ராஜியைத் தேடினேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தை அன்று பார்த்தவனுக்குப் பத்ரி தரிசனம் தேவையில்லை.

மறுநாள் மாயவரத்துக்குத் தந்தி. கோவில் அடைப்பு, வைகாசி வரை திறக்காது, வேண்டுதல் முடியாமல் கல்யாணம் செய்ய மனம் துணியவில்லை. லீவு மாசியோடு முடிகிறது. அதை ரத்து செய்து ஆபீசில் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அடுத்த லீவு எப்போது என்று அந்தப் பத்ரிநாராயணனுக்கும் தெரியாது.

மைத்துனர் நாலு பக்கம் எழுதினார். என் அறிவைப் பற்றி இரண்டு பக்கம், கதவை மூடிய அர்ச்சகர்களைப் பற்றி இரண்டு பக்கம். தங்கையைப் பற்றிக் குறையாக ஒரு சொல் இல்லை. பந்தல்காரனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அதே தையில், அதே முகூர்த்தத்தில், அரிசி ஆலைக்காரர் பெண்ணைச் சுந்தரத்துக்கு முடித்துவிட்டார். கல்யாணம் நடந்து வெகுநாள் கழித்துப் பத்திரிகை வந்து சேர்ந்தது. தங்கம் அதில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, “நல்லா இருக்கட்டும்,” என்றாள்.

7

ராஜி தேறினாள். பயிற்சியும் முடித்தாள். இப்போது கிள்ளானில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினம் காலையில் ரயிலேறிப் போகிறாள். அவள் கரும்பலகையில் எழுதும் தமிழில் ‘லா’ வருவதில்லை என்று சொல்லிக்கொள்கிறாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

கோட்டு? அதை மேஜைமேல் விரித்து ராஜி பள்ளிக்கூடப் புடவைகளை இஸ்திரி போடுகிறாள். அதைவிட நல்ல மெத்தை கிடைக்காதாம். ஒரு துரை அதைச் சீமையிலிருந்து கொண்டு வந்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

நேற்று ராமலிங்கம் போன பிறகு அவள் அந்த மேஜை முன்னால் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். தங்கம் தரையில் உட்கார்ந்து முறத்தில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சாய்வு நாற்காலியில் கிடந்து பழசை நினைத்துச் சிரித்தேன்.

“பாவம் தலைவர். அந்த சேட் ஒரு மாசம் முன்னாடி வாயைத் திறந்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் இல்லை.”

“ஒரு மாசம் முன்னாடி திறந்திருந்தா உங்க துரை லீவை வைகாசிக்கு மாத்திக் குடுத்திருப்பாரு,” என்றாள் தங்கம், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்க அண்ணன் ஆவணியில முகூர்த்தம் வெச்சிருப்பாரு.”

எனக்குச் சிரிப்பு நின்றது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தங்கம், கோவில் மூடுவாங்கன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“சேட்டோட அம்மா பத்ரிக்குப் போனவங்க. நீங்க வேண்டுதல்னு ஆரம்பிக்கிறதுக்கு வெகு முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்காங்க.”

“அப்புறம் மார்கழியிலேயே போங்கன்னு சொன்னியே?”

“பின்னே? வைகாசியில போகச் சொல்வாங்களா?”

“விழாவுக்கு சேட்டைக் கூப்பிடுன்னு சொன்னது?”

“கப்பலுக்குப் பதிஞ்ச பிறகுதானே சொன்னேன்.” ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். “எங்க அண்ணன்கிட்ட நான் வாயைத் திறந்து வேணாம்னு சொல்ல முடியுமா? நாலு பேர் நடுவுல ஊர் பேர் தெரியாத சேட் சொன்னா யார் மேலயும் பழி இல்லை.”

“உனக்கு அண்ணன் பையனைப் பிடிக்கலையா?”

“எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? பொண்ணு வந்து அழுதா.”

“எங்கே?”

“குழாயடியில. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, மாமா பேச்சுன்னா அப்பாவுக்கு வேதவாக்கு, மனசு உடைஞ்சிருவாருன்னா.”

அதே குழாயடி. அதே வார்த்தை. மலையே ஏறாமல் எங்கள் இருவரையும் ராஜி ஆளுக்கொரு பக்கமாக ஏற்றிவிட்டிருக்கிறாள். இத்தனை வருடமாக இந்த வீட்டில் நான் ஒருவன்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு தங்கத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்கத் தெரியவில்லை.

“இவ்வளவு வருஷமா என்கிட்ட சொல்லவே இல்லையே தங்கம்!”

“நீங்க சொன்னீங்களா?” என்றாள்.

இருவரும் மேஜைப் பக்கம் திரும்பினோம். டீச்சரம்மா தலை நிமிரவில்லை. காது சிவந்து, புடவை ஒரு பக்கம் நழுவிக் கிடக்க, எந்த இடத்தில் பெட்டியை வைத்திருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். கம்பளி கருகும் நாற்றம் எழுந்தது.

“ஐயோ ராஜி, கோட்டு!” என்று கத்தினாள் தங்கம்.

முதுகில் பெட்டி அளவுக்குக் கறுப்பாகப் பொசுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இதைப் போட்டுக்கொண்டுதான் சங்கத்தில் பேசப் போகிறேன். என்ன ஆயிற்று என்று கேட்டால், மலைமேல் குளிர் அவ்வளவு கடுமை என்று சொல்லிவிடுவேன். தலைவர் முதல் ஆளாகக் கைதட்டுவார்.